தியானத்துக்குப் போகலாமா, மாத்திரையை நிறுத்தலாமா?

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து 47 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தவர், தனியார் மருத்துவமனையில் செவிலியர். பக்கவாதத்தில் விழுந்த மாமியாரை மூன்று வருடம் வீட்டில் வைத்துப் பார்த்திருக்கிறார். படுக்கைப்புண் வரக்கூடாது என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பார். இரவில் அலாரம் வைத்து எழுவது பழக்கமாகிவிட்டது. மாமியார் இறந்து ஐந்து மாதம் ஆகிறது. இப்போது அலாரம் இல்லாமலே இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வருகிறதாம், அதன்பிறகு தூக்கமில்லை. ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வருவதில்லை. சர்க்கரைக்கு கிளிமிப்பிரைடும் மெட்ஃபார்மினும் சாப்பிடுகிறார். இரண்டு மாதமாக மனச்சோர்வுக்கு எசிடாலோப்ராம் 10 மில்லிகிராம்.

நாத்தனார் மூன்று நாள் உபவாச ஜெபத்துக்குக் கூப்பிடுகிறார்: "மாத்திரையை வீட்ல வச்சிட்டு விசுவாசத்தோட வா." உடன் வேலை செய்யும் கத்தோலிக்கத் தோழி, எட்டு நாள் மௌன தியானம் போய்வரச் சொல்கிறார். கணவரோ, "வீட்ல இல்லாத நிம்மதி அங்க என்ன வச்சிருக்கு?" என்கிறார். மகன் பிளஸ் டூ. எங்கே போவது, மாத்திரையை நிறுத்தலாமா, கத்தோலிக்க இல்லத்தில் தன்னைச் சேர்ப்பார்களா, வேலையை விடுகிற முடிவை அங்கே ஜெபித்து எடுக்கலாமா என்பவை அவருடைய கேள்விகள். கடைசியில் ஒரு வரி: "காலையில் கண் விழிக்காமலே இருந்தால் நல்லது என்று இந்த மாதம் இரண்டு தடவை தோன்றியது, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்."

அன்புச் சகோதரி,

கடிதத்தின் அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, ஆனால் சும்மா எழுதிய வரியாகவும் எடுத்துக்கொள்ளவில்லை. மாத்திரை எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் இந்த வாரமே இதை அப்படியே, இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். "கொஞ்சம் டல்லா இருக்கு டாக்டர்" என்று சுருக்கிச் சொன்னால் அவருக்கு விளங்காது. செவிலியர்கள் தங்கள் நோயை மட்டும் எப்போதும் அரை அளவாகத்தான் சொல்வார்கள். அந்த நினைப்பு திரும்பத் திரும்ப வந்தாலோ, எப்படி என்ற யோசனை வரை போனாலோ, தியானம் கீனம் எல்லாம் அப்புறம். அன்றைக்கே கணவரிடம் சொல்லி மருத்துவமனைக்குப் போங்கள். நள்ளிரவானாலும் டெலி மனாஸ் மனநல உதவி எண் 14416-ல் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. நீங்கள் போகும் தியான இல்லத்தில் உங்களை வழிநடத்துகிறவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். மறைத்துவிட்டு மௌனத்துக்குள் போவது ஆபத்து, ஏனென்றால் மௌனம் எந்த நினைப்பையும் சின்னதாக்காது, பெரிதாக்கித்தான் காட்டும்.

மருத்துவர் சரி என்றால், போங்கள். ஆனால் மூன்று நாள் உபவாசமும் வேண்டாம், எட்டு நாள் மௌனமும் வேண்டாம். உங்களுக்கு இப்போது வேண்டியது மூன்று இரவு. ஏன் என்று சொல்கிறேன்.

எலியாவுக்குக் கிடைத்தது முதலில் அடை

வேதாகமத்தில் முதலாம் ராஜாக்கள் 19-ஆம் அதிகாரம் உங்களுக்குத் தெரியாததல்ல. கர்மேல் மலையில் அத்தனை பெரிய ஊழியம் செய்துவிட்டு, எலியா தீர்க்கதரிசி வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்கிறார். உங்கள் கடைசி வரிக்கும் அவர் வார்த்தைக்கும் அதிக தூரமில்லை. அப்போது வந்த தூதன் கடிந்துகொள்ளவில்லை, பிரசங்கம் பண்ணவில்லை, விசுவாசம் எங்கே என்று கேட்கவில்லை. தட்டி எழுப்பி, சாப்பிடு என்றான். தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருந்தது. எலியா சாப்பிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். அதற்கும் கோபமில்லை. இரண்டாம் தரமும் எழுப்பி, இரண்டாம் தரமும் சாப்பாடுதான். ஓரேப் மலை, பெருங்காற்று, அமர்ந்த மெல்லிய சத்தம் எல்லாம் அதற்குப் பிறகு, நாற்பது நாள் நடந்த பிறகு வருகிறது. "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வியைக்கூடக் கர்த்தர் அவர் தூங்கிச் சாப்பிட்ட பின்தான் கேட்கிறார்.

நாம் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்கிறோம். சோர்ந்துபோனவரை முதலில் பட்டினி போட்டு, விடிய விடிய விழிக்க வைத்து, அப்புறம் மெல்லிய சத்தம் கேட்கவில்லையே என்கிறோம். உபவாச ஜெபத்தை நான் குறை சொல்லவில்லை. உடம்பும் மனமும் தெம்பாக இருக்கிறவருக்கு அது நல்லது. மூன்று வருடம் இரவுத் தூக்கம் இழந்த சர்க்கரை நோயாளிக்கு அது இப்போது பொருந்தாது.

தியானம் என்ற முறையை ஒழுங்குபடுத்திக் கொடுத்த லொயோலா இஞ்ஞாசியாரே இதில் அடிபட்டவர். 1522-ல் மன்ரேசா ஊரில் அவர் மணிக்கணக்கில் ஜெபித்து, ஒரு வாரம் ஒன்றுமே சாப்பிடாமல் கிடந்து, தற்கொலை எண்ணம் வரை போனார். நிறுத்தச் சொன்னது அவருடைய ஆன்ம குரு. அப்போது கெட்ட வயிறு ஆயுள் முழுக்கத் தொல்லை கொடுத்தது. அதனால்தான் பிற்பாடு அவர் மற்றவர்களுக்கு வழிகாட்டும்போது, ஆளின் வயது, உடல்நிலை, தாங்கும் சக்தி பார்த்துத் தியானத்தைக் கூட்டிக் குறைத்துக் கொடுக்கச் சொன்னார்.

மாத்திரை

சகோதரி, உங்கள் வார்டில் ஒரு நோயாளி இதே கேள்வியைக் கேட்டால் என்ன சொல்வீர்கள்? அதையே உங்களுக்கும் சொல்லிக்கொள்ளுங்கள். இருந்தாலும் எழுதிக் கேட்டதால் எழுதுகிறேன். எசிடாலோப்ராமைத் திடீரென்று விட்டால் இரண்டு மூன்று நாளில் தலைசுற்றல், குமட்டல், எரிச்சல், தூக்கமின்மை, தலைக்குள் கரண்ட் அடிப்பது போன்ற வெட்டு எல்லாம் வரலாம். மூன்று நாள் கூட்டத்தில் மிகச் சரியாக மூன்றாம் நாள் இவை வந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் அதற்கு என்ன பெயர் வைப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். கிளிமிப்பிரைடைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கி, வியர்த்து, கை நடுங்கி விழக்கூடும். அதைப் போடாமல் விட்டால் வேறு பக்கம் ஏறக்கூடும். நோன்பு இருந்தே தீர வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டால் செல்போனுக்கு இருங்கள்.

மருந்து சாப்பிடுவது அவிசுவாசம் என்று உங்கள் சபை போதிப்பதில்லை. மருத்துவமனை கட்டியே இந்த நாட்டில் வேரூன்றிய சபை அது. தீமோத்தேயுவின் வயிற்றுக்குப் பவுல் அப்போஸ்தலன் சொன்னதும் ஜெபத்தை மட்டும் அல்ல, கொஞ்சம் திராட்சரசத்தையும்தான்.

எந்த இல்லம்?

தியானம் என்ற ஒரே சொல்லுக்குள் நம் ஊரில் நாலைந்து வேறு வேறு காரியங்கள் இருக்கின்றன. குழப்பமே அங்கேதான். "தியானம் என்றால் மனதை வெறுமையாக்குகிற யோகா இல்லையா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். கத்தோலிக்கர் பேச்சில் தியானம் என்றால் தினசரி வேலையிலிருந்து விலகி, சில நாள் வேதத்தோடும் ஜெபத்தோடும் தங்கியிருப்பது. பழைய தமிழில் ஞான ஒடுக்கம் என்பார்கள். உங்கள் வேதாகமத்திலும் அந்தச் சொல் இருக்கிறது. முதலாம் சங்கீதத்தின் பாக்கியவான் வேதத்தில் இரவும் பகலும் தியானமாயிருக்கிறான். ஈசாக்கு சாயங்கால வேளையில் தியானம்பண்ண வெளியே போயிருந்தான்.

முதல் வகை, பிரசங்கமும் பாட்டும் நிறைந்த பெருங்கூட்டத் தியானம். கேரளத்தில் சாலக்குடி பக்கம் முரிங்ஙூரில் நடப்பது போல, ஞாயிறு போய் வெள்ளி வரை தங்குவது. ஆயிரக்கணக்கானோர், ஒலிபெருக்கி, காலை முதல் இரவு வரை நிகழ்ச்சி. தனிமையில் வாடுகிறவருக்கு அந்தக் கூட்டமே மருந்தாகலாம். வார்டு சத்தத்திலிருந்து தப்பிக்க நினைக்கிற உங்களுக்கு அது இன்னொரு வார்டு.

இரண்டாவது, ஆசிரமம். குளித்தலைக்குப் பக்கத்தில் தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில் 1950-ல் தொடங்கிய சாந்திவனம் இந்த வகை. மூன்று வேளை ஜெபம், எளிய சாப்பாடு, மற்ற நேரம் உங்களுடையது. ஆனால் அங்கே வழிபாட்டில் சமஸ்கிருத மந்திரமும் பிற சமய நூல் வாசிப்பும் வரும். இது தெரியாமல் போனால் முதல் மாலையே உங்களுக்குத் தூக்கிவாரிப்போடும். சீர்திருத்த சபையார் 1921-ல் தொடங்கிய கிறிஸ்துகுல ஆசிரமம் திருப்பத்தூரில் இருக்கிறது. அந்த மரபு உங்களுக்குப் பழகிய மொழியில் பேசும்.

மூன்றாவது, வழிகாட்டியோடு இருக்கும் மௌன தியானம். பெரும்பாலும் சேசு சபையாரோ கன்னியர் சபைகளோ நடத்தும் இல்லங்களில். நாள் முழுக்க மௌனம், தினம் ஒரு முறை வழிகாட்டியோடு அரை மணி, முக்கால் மணி பேச்சு. எட்டு நாள் தியானத்தில் தினமும் நாலைந்து மணி நேரம் ஜெபத்துக்கே போகும். துக்கம் ஆறாத, மாத்திரை தொடங்கி இரண்டே மாதமான ஒருவர் முதல் தடவையிலேயே இதை எடுக்கக்கூடாது. நாலாம் ஐந்தாம் நாள்தான் புதைத்து வைத்ததெல்லாம் மேலே வரும். அப்போது பாதியில் கிளம்பினால் திறந்த புண்ணோடு வீட்டுக்கு வருவீர்கள். இதே முறையில் மூன்று இரவு தருவார்களா என்று கேளுங்கள். பல இல்லங்கள் தரும்.

கத்தோலிக்க இல்லத்தில் பிற சபையாரைச் சேர்ப்பது சாதாரணம். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அவ்வளவுதான். திருப்பலிக்கு வரச் சொல்லிக் கட்டாயமில்லை, வந்து உட்காரலாம். நற்கருணை அவர்கள் சபை ஒழுங்குப்படி கத்தோலிக்கருக்கு உரியது. கொடுக்கவில்லை என்று மனம் நோக வேண்டாம். வழிகாட்டியோடு பேசுவது பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவத்தை அறிக்கையிடுவது) ஆகாது. அவர் குருவாகவே இருக்க வேண்டும் என்றும் இல்லை, சிஸ்டரோ இல்லறத்தாரோ இருக்கலாம். உங்களுக்குப் பெண் வழிகாட்டி வேண்டும் என்று கேட்க உரிமை உண்டு.

போனில் கேட்க வேண்டியவை

தனி அறையா, குளியலறை ஒட்டியதா. மதியச் சாப்பாடு எத்தனை மணிக்கு (கிளிமிப்பிரைடுக்காகக் கேட்கிறோம், கூச்சப்பட வேண்டாம்). இடையில் ஏதாவது தின்னலாமா. அவசரத்துக்கு வீட்டார் அழைக்க எண் உண்டா. பக்கத்து மருத்துவமனை எவ்வளவு தூரம். நாள் கணக்கில் கட்டணமா, காணிக்கையா. இதற்கெல்லாம் சலித்துக்கொண்டு பதில் சொல்கிற இடத்தை விட்டுவிடுங்கள்.

சில இடங்களை விசாரிக்கவே வேண்டாம். மாத்திரையை நிறுத்தச் சொல்வது, எல்லார் முன்னும் பாவத்தைச் சொல்ல வைப்பது, மூடிய அறையில் தனியாக ஆலோசனை, கிளம்புகிறேன் என்றால் "ஆசீர்வாதம் போய்விடும்" என்று மிரட்டுவது, சாட்சி சொன்ன கையோடு காணிக்கை உறை நீட்டுவது: இதில் ஒன்று இருந்தாலும் வெளியே வாருங்கள். வயது வந்த ஒருவரை விருப்பமில்லாமல் நிறுத்திவைக்க எந்த இல்லத்துக்கும் அதிகாரம் இல்லை. மந்திரத்தாலோ மாய மருந்தாலோ சர்க்கரை நோய் தீரும் என்று விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

மூன்று இரவு எப்படி?

நைட் டியூட்டி முடித்த கையோடு பஸ் ஏறாதீர்கள். ஒரு இரவு வீட்டில் தூங்கிவிட்டு, மறுநாள் மதியம் கிளம்பி, இருட்டுமுன் போய்ச் சேருங்கள். மாத்திரை ஐந்து நாளுக்கு, சர்க்கரை பார்க்கும் கருவி, குளுக்கோஸ் பொட்டலம், பிஸ்கட், டார்ச், பிளாஸ்க், கொசுவத்தி, பழகிய தலையணை உறை. வேதாகமமும் ஒரு நாற்பது பக்க நோட்டும் போதும், பக்தி நூல்கள் வேண்டாம். எடுத்துப்போனால் வாசித்துக்கொண்டே இருப்பீர்கள், அது ஒளிந்துகொள்ள நல்ல இடம். காப்பியை அன்றைக்கென்று நிறுத்தாதீர்கள். நைட் டியூட்டியில் நாலைந்து தம்ளர் குடிக்கிறவர் திடீரென்று விட்டால் ஒரு நாளுக்குள் தலைவலி பிடித்துக்கொள்ளும், அதை ஆவிக்குரிய போராட்டம் என்று எண்ணிக்கொள்வீர்கள்.

முதல் முழு நாள் எலியாவின் நாள். சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் எழுங்கள், மற்றபடி தூக்கம் வந்தால் தூங்குங்கள். "இவ்வளவு செலவழித்து வந்து தூங்குகிறோமே" என்று மனம் குத்தும். குத்தட்டும். மாலையில் அரை மணி நடங்கள். அன்றைக்கு ஒரே ஒரு அரை மணி ஜெபம், 1 ராஜாக்கள் 19:1 முதல் 8 வரை.

அரை மணி என்பது இப்படி: நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சு அடங்கும் வரை இரண்டு மூன்று நிமிடம். பகுதியை வாய்விட்டு, நிதானமாக, இரண்டு தரம் வாசியுங்கள். எந்தச் சொல் உங்களைத் தடுக்கி நிறுத்துகிறதோ அங்கேயே நில்லுங்கள், அடுத்த வசனத்துக்கு ஓட வேண்டாம். அந்தச் சொல்லைப் பற்றிக் கர்த்தரிடம் என்ன சொல்லத் தோன்றுகிறதோ அதைச் சொல்லுங்கள். ஒன்றும் தோன்றாவிட்டால் சும்மா இருங்கள். மனம் மகனின் டியூஷனுக்கு ஓடினால், திட்டாமல், அதே சொல்லுக்குத் திரும்புங்கள், அரை மணியில் இருபது தரம் ஓடும். முடிந்ததும் இரண்டு வரி நோட்டில்.

இரண்டாம் நாள் மூன்று அரை மணி: 131-ஆம் சங்கீதம் ஒன்று, மாற்கு 6:30 முதல் 34 வரை ஒன்று, மூன்றாவது வழிகாட்டி கொடுப்பது. மாற்கில் இயேசு சீஷர்களைச் சற்றே இளைப்பாறக் கூட்டிக்கொண்டு போகிறார், படகு கரைக்குப் போகுமுன் ஜனங்கள் அங்கே போய் நிற்கிறார்கள். (அந்த ஊரில் செல்போன் கிடையாது, இருந்தும் தப்பிக்க முடியவில்லை. உங்கள் போனை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு மாலை ஏழு மணிக்குப் பத்து நிமிடம் வாங்கிப் பேசுங்கள்.) அன்று மாலை அழுகை வரலாம். மாமியாரின் சாவுக்கு நீங்கள் அழுதீர்களா என்று கடிதத்தில் எங்கும் இல்லை, சாப்பாடு ஏற்பாடு செய்ததுதான் இருக்கிறது. அழுகை நிற்காமல் போனால் தனியாகக் கிடக்காமல் வழிகாட்டியின் கதவைத் தட்டுங்கள். மறுநாள் காலைச் சாப்பாடு முடித்துக் கிளம்பலாம்.

வேலையை விடுவது பற்றி. இஞ்ஞாசியார் வகுத்த விதிகளில் பலரும் அறிந்தது, இருண்ட நேரத்தில் முந்தைய தீர்மானத்தை மாற்றாதே என்பது. இப்போது நீங்கள் இருப்பது அந்த நேரத்தில். அங்கிருந்து ராஜினாமாக் கடிதத்தோடு வராதீர்கள். தூக்கம் திரும்பி மூன்று மாதம் ஆகட்டும். நைட் டியூட்டியைக் குறைத்துத் தரக் கேட்பது ராஜினாமா ஆகாது, அதை இப்போதே கேட்கலாம்.

கணவரிடம் "நிம்மதி தேடப் போகிறேன்" என்று சொல்லாதீர்கள். அது அவர் காதில் "இந்த வீட்டில் நிம்மதி இல்லை" என்று விழுகிறது, பாவம், அவருக்கும் அம்மா போய் ஐந்து மாதம்தான். "மூன்று வருடம் தூங்கவில்லை, மூன்று ராத்திரி தூங்கிவிட்டு வருகிறேன்" என்று சொல்லுங்கள். இளைப்பாறப் போவது நம் பக்கத்தில் புதிதும் அல்ல. சமவெளியில் நோயும் அசதியும் தாங்காமல் 1845-லேயே மிஷனரிமார் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். டோனாவூரில் பிள்ளைகள் இல்லம் நடத்திய மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் அந்தப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக மலைக்காட்டில் வீடு வைத்திருந்தார். மகன் பதினேழு வயதுப் பையன். மாவு அரைத்து வைத்துவிட்டுப் போனால் தோசை ஊற்றத் தெரியாதா? பரீட்சை முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், அடுத்து காலேஜ் அட்மிஷன் வரும்.

திரும்பி வரும் அன்று விருந்தாளியும் வேண்டாம், டியூட்டியும் வேண்டாம். வீட்டில் தினம் கால் மணி, அதே நாற்காலி முறையில். பிற்பாடு ஆழமாகப் போக ஆசை வந்தால் வேலை, குடும்பத்தோடே தினம் ஒன்றரை மணி ஒதுக்கி மாதக்கணக்கில் செய்கிற தியானமும் உண்டு, எட்டு நாள் லீவு கேட்க வேண்டியதில்லை.

இன்னொன்று. அங்கேயும் முதல் இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வரும். இதுவும் ஒரு அழைப்பு என்று எழுந்து முழங்கால் போடாதீர்கள், வேதாகமத்தை எடுக்காதீர்கள், மணி பார்க்காதீர்கள். வியர்த்துப் படபடப்பாக இருந்தால் மட்டும் எழுந்து சர்க்கரை பாருங்கள். இல்லையென்றால் பிளாஸ்க்கில் இருக்கும் தண்ணீரில் ஒரு வாய் குடியுங்கள். அந்த அறையில் யாரையும் புரட்டிப் படுக்க வைக்க வேண்டியதில்லை. நீங்கள் புரண்டு படுங்கள்.